ஒரு நாள் கூலியும் ஒரு கோப்பையும்

"காசு உள்ளே வந்துச்சு, ஃபுட்பால் கெட்டுப்போச்சு" என்று ஒரு பழைய புலம்பல் உண்டு. காசு வாங்காமல் ஆடிய அந்தக் கால அமெச்சூர்கள் எல்லாம் உத்தமர்கள், மற்றவர்கள் கூலிக்கு மாரடித்தவர்கள் என்கிற மாதிரி! இப்படிப் புலம்புகிறவர்கள் பிளாக்பர்ன் ஒலிம்பிக்கின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

பிளாக்பர்ன், இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள பருத்தி ஆலை ஊர். 1878ல் அங்கே இரண்டு குட்டி கிளப்கள் ஒன்றாகச் சேர்ந்து பிறந்ததுதான் ஒலிம்பிக். 1889ல் மூடுவிழா. மொத்த ஆயுசே பதினோரு வருஷம். நடுவில் ஒரே ஒரு பெரிய நாள்: 1883 மார்ச் 31, லண்டன் கென்னிங்டன் ஓவல், எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி.

எதிரணி ஓல்டு ஈட்டோனியன்ஸ். ஈட்டன் பள்ளியில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள், முந்தைய வருஷத்து சாம்பியன்கள். அதில் லார்டு கின்னேர்டுக்கு அது ஒன்பதாவது இறுதிப்போட்டி! ஒலிம்பிக் பக்கம் நெசவாளி, நூற்பாலைத் தொழிலாளி, கேப்டன் வார்பர்ட்டன் ஒரு பிளம்பர். முதல் கோல் ஈட்டோனியன்ஸ் போட்டார்கள். மேத்யூஸ் சமன் செய்தார். ஈட்டோனியன்ஸில் ஒருவருக்குக் காயம், மாற்று ஆள் இறக்கும் வழக்கம் கிடையாது, பத்துப் பேரோடு ஆடினார்கள் (இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை). கூடுதல் நேரத்தில் காஸ்ட்லி அடித்த கோலில் 2-1. கோப்பை முதல்முறையாக வடக்கே போனது.

இப்போது கணக்குக்கு வருவோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆலை லீவு, உள்ளூர் மேட்சுக்கு அது போதும். லண்டனுக்குப் போய் ஆட? ஆலைக்கு மட்டம் போட வேண்டும், கூலி போகும், ரயில் செலவு வேறு. கின்னேர்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஆக, "காசு வாங்காமல் ஆடு" என்ற விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஆனால் அதற்கு விலை கொடுத்தது ஒருத்தர் மட்டும்தான். ஒலிம்பிக்குக்குக் கைகொடுத்தவர் சிட்னி யேட்ஸ் என்ற உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி. பெரிய மேட்சுக்கு முன் அணியை பிளாக்பூல் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று எல்லா அணியும் செய்வது. அன்று முகம் சுளித்தார்கள்.

1885ல் சம்பளம் சட்டபூர்வமானது. சரி, அதே சம்பளம்தானே கடைசியில் ஒலிம்பிக்கைச் சாகடித்தது என்று கேட்கலாம். உண்மைதான். அதே ஊர் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் காசு அதிகம், 1884, 85, 86 என்று வரிசையாக மூன்று கோப்பை வேறு. ஒரே தெருவில் இரண்டு ஜவுளிக்கடை இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. 1888ல் ஃபுட்பால் லீக் பன்னிரண்டு கிளப்களோடு தொடங்கியபோது பிளாக்பர்னிலிருந்து ரோவர்ஸை மட்டும் எடுத்தார்கள்.

ஆனாலும் அந்தக் காசு இல்லாதிருந்தால் அந்த நெசவாளிகள் ஓவல் மைதானத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். 1889 ஆரம்பத்தில் செலவு தாங்காமல் ஒலிம்பிக் மறுபடி அமெச்சூராக மாறிப் பார்த்தது. செப்டம்பரில் கிளப்பே இல்லை.