போனை எடுக்கும் கடைக்காரர்

இளம்பிள்ளையிலிருந்து ஊர் ஊராகச் சேலை அனுப்பும் சின்ன வியாபாரியின் விசிட்டிங் கார்டில் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அதை அவர் திறந்து பார்த்து எத்தனை மாதமோ! சேலையை மடிப்பது, பார்சல் கட்டுவது, கூரியருக்கு ஓடுவது எல்லாம் அவரேதான். ஆனால் போன் அடித்தால் தோளில் இடுக்கிக்கொண்டாவது பேசிவிடுவார். "கோவிச்சுக்காதீங்கக்கா, நாளைக்குப் போட்டுடறேன்" என்றதும் சண்டைக்கு அழைத்தவரும் தணிந்துபோவார். எந்த மின்னஞ்சலுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவசரத்துக்குப் போன்தான் என்பது என் கட்சி. பணத் தகராறு என்றால் மட்டும் கட்சி மாறிவிடுவேன். எவ்வளவு திருப்பித் தருவதாகச் சொன்னார், எந்த நிறம் கேட்டோம் என்பதற்கெல்லாம் போன் பேச்சில் சாட்சி ஏது? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. இளம்பிள்ளைக்காரர் அதைப் படித்திருக்கமாட்டார். பெரிய நிறுவனங்கள் படித்துவிட்டுத்தான் தானியங்கிப் பதில் அனுப்புகின்றன. அதனால் இளம்பிள்ளைக்காரரிடம் பேசி முடித்த கையோடு தேதி, தொகை, சேலையின் படம் மூன்றையும் அவருடைய வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். மின்னஞ்சலைத் திறக்காதவர் அதை உடனே பார்ப்பார். அடுத்த சேலையின் படத்தையும் சேர்த்தே அனுப்புவார்.