கடலருகு வாழ்வும் கடற்கரைக் காதலும்

மலையருகு வாழ்வோன் மலையை விரும்புவான், ஆற்றங்கரையில் வாழ்வோன் ஆற்றை விரும்புவான், கடலருகு வாழ்வோனோ கடற்கரையைக் காதலித்தே தீர்வான் என்பது மக்கள் பலரிடத்தும் காணப்படும் ஓர் எண்ணம். சென்னை எம் ஊர் என்று கூறிய அளவிலேயே, "நாடோறும் மாலையில் மெரினாவிற்குச் செல்வீர்கள் அல்லவா?" என்று வெளியூர் அன்பர்கள் வினவுகின்றனர். இல்லை என்று விடை கூறினாலோ இரக்கத்தோடு நோக்குகின்றனர். சுவையுணர்வு அற்றவர் என்று முடிவு கட்டுவோரும் உளர். மணலும் உப்புக் காற்றும் பெருங்கூட்டமும் எமக்கு உவப்பன அல்ல. இதனை மறைக்க யாம் விரும்பவில்லை. ஆயினும், கடற்கரையைக் காதலியாதார் கடலுக்கு அயலார் என்னும் கொள்கை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பொருந்தாது என்பது எம் துணிபு.

முதலாவது, நம் முன்னோர் கடற்கரையை வெறும் களிப்பிடமாகக் கண்டவரல்லர். அகப்பொருள் நெறியில் நெய்தல் நிலத்தின் உரிப்பொருள் இரங்கல். பிரிந்தோரை எண்ணி வருந்தும் நெஞ்சிற்கு நிலைக்களமாகவே அக்கரை அமைந்தது. அதற்குரிய சிறுபொழுதோ, ஞாயிறு சாயும் வேளை எனப் பெரும்பாலும் பொருள் கொள்ளப்பெறும் எற்பாடு. நகரத்தார் இன்பம் நாடிக் கடற்கரைக்கு விரையும் அதே வேளையைப் பண்டைப் புலவர் துயருக்கு உரியதாக்கினர் என்பது நினையத்தக்கது. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. ஆகவே, அலையோசை கேட்டு உள்ளம் துள்ளாதவன் தமிழ் மரபினின்று விலகியவன் ஆகான்.

இனி, நாம் காதலிக்க வேண்டும் என்று பிறர் வற்புறுத்தும் இக்கடற்கரைதான் யாது? மெரினா என்னும் பெயர் சிசிலித் தீவின் நினைவால் கொணரப்பெற்றது. சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் என்பார் 1884ஆம் ஆண்டில் உலாவும் சாலை ஒன்றை அங்கு அமைத்து அப்பெயரை இட்டனர். பரந்த மணல்வெளியும் தொன்றுதொட்டு இன்றுள்ளவாறே இருந்ததன்று. ஆண்டின் பெரும்பகுதியில் நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. 1870களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் எழும்பத் தொடங்கவே, அந்நகர்ச்சி தடைப்பட்டது. தடையுண்ட மணல் தென்பால் குவிந்து, கரை ஆண்டுதோறும் அகன்றது. அதே காரணத்தால் வடபால் கரைக்கு வரவேண்டிய மணல் வாராதாயிற்று. இராயபுரத்திற்கு வடக்கே கடல் நிலத்தை அரித்து உட்புகுந்தது. வீடுகளைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டி அரண் செய்ய நேர்ந்தது. தென்பால் நாம் உலாவும் மணலின் ஒரு பகுதிக்கு வடபால் குப்பத்து ஏழைகள் விலை கொடுத்துள்ளனர். இதனை அறியாது "இயற்கை அன்னையின் கொடை" என்று வியப்பது அரைகுறை வியப்பேயாகும்.

நிற்க. கடலோடு மெய்யான உறவு பூண்டவர் யாவர்? மீனவரே என்பதில் ஐயமில்லை. அவர் கடலைத் தாய் என்பர். எனினும் அவர்தம் அன்பு காற்று வாங்குவாரது அன்பு போன்றதன்று. கொண்டல் வீசும் நாள் இது, கச்சான் வீசும் நாள் இது என்று தெரிந்து, நீரோட்டத்தின் போக்கு அறிந்து, இருள் நீங்குமுன் படகு தள்ளுவது அவர் வாழ்வு. அவர்க்குக் கடற்கரை என்பது வலை உலர்த்தும் முற்றம். படகு நிறுத்தும் கொட்டில். மீன் விற்கும் அங்காடி.

காண்பார்தம் காதலோ சிலபோது அம்முற்றத்தையே பறிக்க முற்படுகின்றது. 1985ஆம் ஆண்டில் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் அகற்ற முயன்றபோது பெரும் பூசல் விளைந்து, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர் துறந்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், போக்குவரத்திற்கு இடையூறு என்னும் காரணத்தால், நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையிலிருந்து மீன் கடைகள் அகற்றப்பட்டன; அவற்றால் வயிறு வளர்த்த மகளிர் சாலையில் அமர்ந்து முறையிட்டனர். காட்சிக்கு அழகு வேண்டுவோர் கண்ணுக்குப் படகு இடையூறாகத் தோன்றுமாயின், அவர் விரும்புவது கடலையா, தம் பொழுதுபோக்கையா? மேலும், அத்தகையோர் சென்ற பின்னர் மணலிற் கிடக்கும் நெகிழிப் பைகளும் எச்சில் தாள்களும் அவ்விருப்பின் தன்மையை நன்கு காட்டுகின்றன.

"இறைவன் படைப்பில் இன்புறாதிருத்தல் நன்றியின்மை அன்றோ?" என்று நம் கிறிஸ்தவ நண்பர் சிலர் வினவலாம். திருமறையில் கடல் யாண்டும் இன்பப் பொருளாகவே பேசப்படவில்லை. மீன்பிடி தொழிலாளராகிய சீடரே புயலின்கண் அஞ்சி அலறினர். தூய பவுல் மூன்று முறை கப்பற்சேதத்திற்கு உள்ளானார். பத்மு தீவில், நாற்புறமும் கடல் சூழ இருந்த யோவான் கண்ட புதிய பூமியிலே கடல் இல்லை. படைத்தவன் பெருமையை உணர்தல் வேறு. படைப்பின் ஒவ்வொரு பகுதியிலும் பொழுதுபோக்கு நாடுதல் வேறு.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பது வள்ளுவர் கொள்கை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மறுநாளாகிய ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 உயிர்களைக் கொண்டது. நாகைக் கடற்கரையிலும் வேளாங்கண்ணித் திருத்தலத்திலும் மாண்டோர் மிகப் பலர். எம்மனோர் அதனைக் கண்ணாற் கண்டிலேம். ஆயினும் அதனைப் பேசும்போது குரல் தாழாத மூத்தோரை யாம் இன்னும் கண்டதில்லை. அலையின் உள்ளிழுப்பை அறியாது மெரினாவில் நீராட இறங்கி மாளும் இளைஞர் செய்தியோ ஆண்டுதோறும் வருகின்றது. கரையைக் காதலித்தோரே அவர், கடலை அறிந்தாரல்லர்.

ஆதலின், கடலருகு வாழ்வார்க்கு வேண்டுவது காதலன்று. அறிவும் அடக்கமும் கடமையுணர்வுமே. காதல் உடையார் மகிழ்ந்து செல்க. அவரை யாம் தடுப்பேம் அல்லேம். காதல் இல்லாதாரும் புயற்கூண்டு ஏற்றப்பட்டால் அதன் பொருளை அறிந்திருத்தல் வேண்டும். மணலில் குப்பை எறியாதிருத்தல் வேண்டும். கரையை அழகுபடுத்தும் திட்டம் எழுந்தால், "குப்பத்தார் எங்குச் செல்வர்?" என்று முதற்கண் வினவுதல் வேண்டும். பட்டம் பெற்று அலுவலகங்களில் அமர்ந்து இத்தகைய திட்டங்களுக்குக் கையொப்பம் இடப்போவோர் நம் கல்லூரி மாணவருள்ளும் இருப்பர். அந்நாளில் அவர், உலாவ வந்தோரது மாலைப் பொழுதினும், உழைக்கப் போந்தாரது விடியற்காலையே பெரிதென்று கருதுவாராக.