அது மேகம் அல்ல

சென்ற வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த அவர் மகன் வாங்கி வந்த படம் கூடத்தில் புதிதாகத் தொங்கியது. கண்ணாடி போலக் கடல், நடுவில் பெரிய பாய்மரக் கப்பல்.

"பார்த்தாலே மனசு அமைதியாயிடுது இல்ல?" என்றார்.

"கப்பல் பக்கத்துல வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"மேகம்."

அங்கே பிடித்த வாக்குவாதம் காபி ஆறிய பிறகும் ஓயவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அது பீரங்கிப் புகை ஐயா! படத்தின் பெயரே 'பீரங்கி வெடி'. 1680 வாக்கில் ஹாலந்துக்காரர் வில்லெம் வான் டி வெல்டே வரைந்தது. மூலப்படம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் கப்பல் போர்க்கப்பல். அந்த நாட்டு ஓவியர்கள் வரைந்த சலனமில்லாத கடல்களை 'சாந்தம்', 'நிம்மதி' என்று காலண்டர்காரர்கள் விற்கிறார்கள், நாமும் ஆணியடித்து மாட்டிக்கொள்கிறோம். காற்று இல்லை என்பதும் சமாதானம் என்பதும் ஒன்றா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கடல் ஓவியத்துக்கு அந்த மொழியில் 'மரீன்' என்று பெயர். கடற்படைக்கும் அதே சொல்தான். சிறுவயதில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. மொழிக்கு நம்மைவிட விவரம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த வில்லெமின் தகப்பனார் பெயரும் வில்லெம்தான். கடற்சண்டை நடக்கும்போதே சிறு படகில் போய் உட்கார்ந்து, குண்டுகளுக்கு நடுவே கப்பல்களை வரைந்துகொண்டு வந்தவர். எல்லாம் ஹாலந்து தரப்புக்காக. 1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து ஹாலந்தின் மீது பாய்ந்தன. அந்தக் குளிர்காலத்திலேயே அப்பாவும் பிள்ளையும் எதிரி நாடான இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்! 1674-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டு உத்தரவிட்டார். கடற்சண்டைகளை வரைய அப்பாவுக்கு, அவற்றுக்கு வண்ணம் தீட்டப் பிள்ளைக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் சம்பள உத்தரவுகளோடு மாரடித்த குமாஸ்தா சொல்கிறேன்: எந்தக் கஜானாவும் நிம்மதிக்காகப் பணம் கொடுத்ததில்லை.

யான் வான் டி காப்பெல்லே என்று ஒருவர் இருந்தார். ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்துச் சாயப் பட்டறையை நடத்தியவர், சொந்தமாக உல்லாசப் படகு வைத்திருந்த பணக்காரர். வயிற்றுப்பாட்டுக்காக வரையவில்லை. சாம்பல் நிறத் தண்ணீரில் தொங்கும் பாயின் நிழலை அவரைப் போல யாரும் வரைந்ததில்லை. ஆனால் லண்டன் நேஷனல் காலரியில் இருக்கும் அவருடைய 1650-ஆம் வருஷத்துப் படத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு படகு மரியாதை வெடி வெடிக்கிறது!

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1693-இல் இந்த ஹாலந்துக்காரர்கள்தான் பிரான்சுவா மர்த்தேனிடமிருந்து நம் புதுச்சேரியைப் பிடித்தார்கள். திரும்பக் கிடைத்தது 1699-இல்தான். அவர்கள் கப்பல்கள் நம் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த நாட்களில், காற்று விழுந்த ஒரு காலை நேரத்தில், கடல் இந்தப் படம் போலத்தான் தெரிந்திருக்கும். கரையில் நின்று பார்த்தவன் அதை நிம்மதி என்றா சொல்லியிருப்பான்?

படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் ஆகாயம், தளர்ந்து தொங்கும் பாய்கள், தண்ணீரில் அவற்றின் நிழல். நானே அரைமணி நேரம் நின்று பார்த்தேன். புகையை மேகம் என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் சண்டை.

நேற்று நண்பர் போன் செய்தார். அவர் பேரன் இப்போது அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் "டமார்!" என்று கத்துகிறானாம். மத்தியானத் தூக்கம் போச்சு, எல்லாம் உம்மால்தான் என்கிறார்.