மருத்துவரின் உதவியாளர்: தொழில் மாற்றமும் அமானிதமும்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், துவரங்குறிச்சியிலும் அதனைச் சூழ்ந்த மருங்காபுரி வட்டாரத்து மஹல்லாக்களிலும் பெற்றோர்கள் தம் பிள்ளைகளின் மேற்படிப்புக் குறித்து உஸ்தாதுமார்களிடம் ஆலோசனை கேட்பது வழக்கம். அண்மைக் காலமாக வேறொரு வகையினரும் அதே கேள்வியோடு வருகின்றனர். வளைகுடாவில் சில ஆண்டுகள் கடையில் நின்று ஊர் திரும்பியவர். உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்று, நிகாஹுக்குப் பின் படிப்பை விட்டுவிட்டு, இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்ட சகோதரி. மருந்துக் கடையில் பத்தாண்டுகளாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். 'இனிமேல் ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட் படிக்கலாமா, ஹஜ்ரத்?' என்பது இவர்களின் கேள்வி.

படிக்கலாம், படிக்கவும் வேண்டும் என்பதே நமது கருத்து. ஆயினும் அக்கல்வி எதற்கு, அதன் எல்லை எது என்பதை அறிந்தே அதில் இறங்க வேண்டும். இன்று அப்பணியைச் சிலர் வார்டு பாய் வேலை என இகழ்கின்றனர். வேறு சிலரோ 'பாதி டாக்டர்' எனப் புகழ்கின்றனர். இவ்விரண்டில் புகழ்ச்சியே அதிக ஆபத்தானது என நாம் கருதுகிறோம்.

முதலில் அப்பணி யாது எனப் பார்ப்போம். நோயாளியின் நோய் வரலாற்றைக் கேட்டு எழுதுதல், உடலைப் பரிசோதித்து மருத்துவரிடம் அறிவித்தல், மருத்துவருடன் வார்டில் சுற்றி வருதல், பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து கவனித்தல், டிஸ்சார்ஜ் சம்மரி தயாரித்தல், அறுவை அரங்கில் கை கொடுத்தல் ஆகியன இவர்களின் வேலைகள். இதய பைபாஸ் அறுவையில் காலிலிருந்து இரத்த நாளத்தை எடுத்துக் கொடுக்கும் நுட்பமான வேலையையும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் செய்கின்றனர். இவை அனைத்தும் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியவை. தனியே கிளினிக் திறப்பதும், தன் பெயரில் மருந்துச் சீட்டு எழுதுவதும் இப்பணியில் இல்லை.

இத்தொழிலின் தோற்றமே தொழில் மாறியவர்களால் அமைந்தது என்பதைப் பலர் அறியார். 1965-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாகப் பணியாற்றித் திரும்பியவர்கள். காயமுற்றவரைக் காக்கும் திறமை கையிலிருந்தும் ஊர் திரும்பிய பின் அதற்குரிய வேலை இல்லாதிருந்தோர் அவர்கள். அவர்களுள் மூவர் 1967-இல் பட்டம் பெற்று வெளிவந்தனர்.

நமது நாட்டில் இது வேர்விட்டது சென்னையில். 1975-இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த டாக்டர் கே. எம். செரியன், பின்னர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் 1992-ஆம் ஆண்டு இப்பயிற்சியைத் தொடங்கினார். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற காலத்தில் இத்தகைய உதவியாளர்களின் பயனை அவர் கண்டிருந்தார். கடந்த 2025 ஜனவரியில் அவர் காலமானார். அவர் இட்ட விதை இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டப் படிப்பாக வளர்ந்து, அரசுக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் நடந்து வருகிறது.

சற்று முன்னோக்கினால், மருத்துவருக்குக் கீழ் ஒரு படி என்பது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. 1835-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, உதவிப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கவே எழுந்தது. 1918-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென நிறுவிய பள்ளியும் எம்.பி.பி.எஸ். வழங்கவில்லை, எல்.எம்.பி. என்னும் குறுகிய படிப்பையே வழங்கிற்று. கிராமங்களில் முதியோர் இன்றும் 'எல்.எம்.பி. டாக்டர்' என நினைவுகூர்வது அப்படிப்பினரைத்தான். 1946-இல் போர் குழு, ஒரே தரத்து மருத்துவர் போதும் எனப் பரிந்துரைத்தது. குழுவினுள்ளேயே சிலர் அதனை மறுத்தனர். அதன்பின் அப்படி மறைந்தது. மறைந்த இடத்தில், சிற்றூர்களில் யார் வந்து அமர்ந்தனர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் என்று போனால் முதலில் ஊசியைக் கையில் எடுக்கும் போலி மருத்துவர்களை எல்லா வட்டாரத்தாரும் அறிவர்.

நமது மார்க்கம் இவ்விடத்தில் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் பார்த்து அதனால் தீங்கு நேர்ந்தால், அத்தீங்குக்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது அங்கே விடையாகாது. ஒருவர் ஒன்றை அறிவார், மற்றொன்றை அறியார் என்றால், அறியாததன் வாயிலில் நின்றுவிடுவதே அமானிதம். மருத்துவரின் உதவியாளராகப் பயிலும் நம் பிள்ளைகள் உடற்கூற்றியலைக் கற்பதற்கு முன்பே இதனைக் கற்றிருக்க வேண்டும்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பட்டம் பெற்ற சில மாதங்களிலேயே ஊரில் 'டாக்டர் தம்பி' என்றும் 'டாக்டரம்மா' என்றும் அழைக்கத் தொடங்கிவிடுகின்றனர். நிகாஹ் அழைப்பிதழில் மணமகனின் பெயருக்கு முன் 'டாக்டர்' என அச்சாகிறது. பெண் வீட்டார் மகிழ்கின்றனர், மணமகன் மறுப்பதில்லை. சிறு விஷயம் எனத் தோன்றலாம். ஆனால் அந்த அழைப்பிதழைப் பார்த்த அண்டை வீட்டு மூதாட்டி, நள்ளிரவில் நெஞ்சு வலிக்கும்போது மருத்துவமனைக்குச் செல்லாமல் அந்தத் தம்பியின் கதவைத் தட்டினால், அந்த அச்செழுத்து சிறு விஷயமாக இராது.

மேலைநாடுகளிலும் இதே சிக்கல்தான். அமெரிக்காவில் இவர்களின் சங்கம் 2021-இல் தம் பெயரை 'அசோசியேட்' என மாற்றிக்கொள்ளத் தீர்மானித்தது. பிரிட்டனிலோ நேர்மாறாக, 'அசோசியேட்' என்ற பெயர் நோயாளிகளைக் குழப்புகிறது. எனவே 'அசிஸ்டெண்ட்' என்றே அழைக்க வேண்டும் என 2025 ஜூலையில் வெளியான லெங் அறிக்கை பரிந்துரைத்தது. தாம் பார்த்தவர் மருத்துவர் அல்லர் என்பதை அறியாமலேயே இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் நிகழ்வு அங்கு எழுந்த விவாதத்துக்குப் பெருங்காரணம். பெயரில் என்ன இருக்கிறது என்பாருக்கு அது போதிய விடை. 'நான் மருத்துவரின் உதவியாளர். மருத்துவர் வந்து பார்ப்பார்' என்று நோயாளியிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிப் பழகியவரையே நாம் நம்புவோம்.

இனி, தொழில் மாறுவோரின் தயக்கத்துக்கு வருவோம். முப்பது வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பது வெட்கம் எனப் பலர் எண்ணுகின்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர்கள். அறிஞர் ஷஅபீ (ரஹ்) அவர்களின் அறிவுரைக்குப் பின்னரே கல்வியின் பக்கம் திரும்பினார்கள். வணிகத்தையும் அவர்கள் கைவிடவில்லை. கடையில் கற்ற நேர்மையும் மனிதர்களை எடைபோடும் அறிவும் அவர்களின் ஃபிக்ஹில் தெரிவதாக அறிஞர்கள் சொல்வர். மருந்துக் கடையில் பத்தாண்டு நின்றவருக்கு நோயாளியின் முகத்தைப் படிக்கத் தெரியும். மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய்க்கு அழும் குழந்தையின் வயிற்றைத் தொடத் தெரியும். இவை கல்லூரியில் கிடைப்பவை அல்ல.

சகோதரிகள் குறித்து ஒன்று. அகழ்ப்போருக்குப் பின் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்துக் கவனிக்கப்பட்டார்கள். மருத்துவப் பணி பெண்ணுக்கு ஆகாது என்போர் இதனையே முதலில் நோக்கட்டும். நம் பகுதிப் பெண்கள் பலர், ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, நோயை மறைத்து, முற்றிய பின்னரே மருத்துவமனைக்குப் போகின்றனர். அங்கே முதலில் எதிர்ப்பட்டு நோய் வரலாற்றைக் கேட்பவர் ஒரு பெண்ணாக இருந்தால் எத்தனை நோய்கள் காலத்தில் தெரியவரும்! இரவுப் பணியும் விடுதி வாசமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. திருச்சி 50 கிலோமீட்டருக்கு மேல். நாள்தோறும் மதுரைச் சாலைப் பேருந்தில் சென்று வந்து, வார்டில் நின்று, வீட்டுச் சமையலையும் பார்ப்பது என்பது கணவரும் மாமியாரும் தோள் கொடுக்காமல் நடவாது. அவர்களின் சம்மதத்தைப் படிப்புக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். இரண்டாம் ஆண்டில் அழுது பயனில்லை.

நடைமுறைக்கு வருவோம். பி.எஸ்சி. படிப்பு இதுவரை 3 ஆண்டுப் பாடமும் 1 ஆண்டு கட்டாயப் பயிற்சியுமாக இருந்து வந்துள்ளது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்தொழிலையும் தன் அட்டவணையில் ஏற்று, பதிவுபெற்றவரே பணி செய்ய வேண்டும் என வகுத்துள்ளது. பாடத்திட்டங்கள் திருத்தப்பட்டு வருவதால், வயது வரம்பு உட்பட எல்லாவற்றையும் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்வதே முறை. முகவர் சொல்வதைக் கேட்டுப் பணம் கட்டுவது முறையன்று. பல்கலைக்கழக இணைப்பே இல்லாமல் ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவோரும் உளர். அச்சான்றிதழ் சுவரில் மாட்ட உதவும்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இன்றியமையாதவை. மதரஸாவின் ஸனது இங்கே ஈடாகாது. ஓத அனுப்பிய பிள்ளையின் பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு வெட்டிவிடும் வழக்கத்தை இக்காரணத்தாலேயே நாம் எதிர்க்கிறோம். ஆலிம் பட்டம் பெற்ற இருபத்திரண்டு வயது இளைஞர் நோயாளிகளுக்குப் பணி செய்ய விரும்பினால், அவர் முன் எல்லாக் கதவுகளும் அடைபட்டிருப்பது மார்க்கக் கல்வியின் குறையன்று. நாம் அதனை நடத்தும் முறையின் குறை. மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா எனச் சொன்ன இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் காலத்து மாணவர்கள் எல்லாரும் சட்ட விவாதங்களுக்கே முண்டியடிப்பதையும், முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்கள் பெருகியிருப்பதையும் இஹ்யாவில் கடிந்துரைக்கிறார்கள். மருத்துவம் கற்றால் வக்ஃபுச் சொத்தும் காஜி பதவியும் கைக்கு வாரா என்பதே அம்மாணவர்களின் கணக்கு என்று இடித்துரைக்கவும் தயங்கவில்லை. ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அச்சொல் சுடுகிறது.

அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உண்டு. 2007 முதல் நடைமுறையிலுள்ள இதற்கு உரிய சாதிச் சான்றிதழ் கைவசம் இருக்க வேண்டும். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவோர் பலர். லெப்பை, ராவுத்தர் என ஆவணத்துக்கு ஆவணம் மாறிக் கிடக்கும் பெயர்களை இப்போதே சரிசெய்துகொள்வது நலம்.

ஊதியத்தைப் பற்றி ஆசை வார்த்தை கூற நாம் விரும்பவில்லை. வேலை பெரும்பாலும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில்தான். தொடக்கச் சம்பளம், வளைகுடாவில் சம்பாதித்தவருக்கு ஏமாற்றம் தரும். 'இதைப் படித்தால் நேரே அமெரிக்கா' என்னும் விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அங்கே உரிமத் தேர்வு எழுத, அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற படிப்பையே முடித்திருக்க வேண்டும், நமது பி.எஸ்சி. அதற்குப் போதாது. வேறு நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர் அந்நாட்டின் உரிமம் வழங்கும் அமைப்பிடம் விசாரித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

மிஞ்சுவது கட்டணம். குடும்பத் தலைவர் ஒருவர் நான்காண்டுகள் வருமானமின்றிப் படிப்பதென்றால், கட்டணத்தைவிட அரிசியும் வாடகையுமே பெருஞ்சுமை. வங்கிக் கல்விக் கடனில் வட்டி இருப்பதால் தயங்குவோரை நாம் குறை கூற மாட்டோம். தயங்குவோருக்கு மாற்று வழி காட்டாத ஜமாஅத்துகளையே கேட்கிறோம். ஒவ்வொரு ரமளானிலும் ஜகாத் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகப் பிரிந்து வாசல் வாசலாகச் செல்கிறது. வாங்கியவர் மறு ஆண்டும் அதே வாசலில் நிற்கிறார். ஏழை மாணவருக்கு ஜகாத் சேரும் என்பதில் ஐயமில்லை. ஏழையல்லாதோருக்கு பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் தரலாம். ஆண்டுக்கு ஒருவரை, ஒரு மஹல்லா, நான்கு ஆண்டுகளுக்குத் தாங்கட்டும். அவர் வேலையில் அமர்ந்ததும் கடனைத் தவணையாகத் திருப்பித் தர, அதே பணம் அடுத்தவருக்குப் போகும். இதற்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் இரு சாட்சிகளும் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதை நிர்வாகிகள் அறிவார்கள்.

வரும் ரமளானுக்கு முன்பே நிர்வாகக் கூட்டத்தில் இதனை எடுத்து வைக்க விரும்பும் சகோதரர்கள், தம் மஹல்லாவில் பிளஸ் டூ உயிரியல் முடித்துவிட்டு வேறு வேலையில் இருப்போர் யார் யார் என முதலில் ஒரு பட்டியல் எடுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.