கேஷ்பேக்கா வந்த கிஃப்ட் கார்டு பர்ஸிலேயே தூங்குதா? காலாவதி ஆனா காசு போயிடுமா? முழு விவரம்!

தீபாவளி சீசன்ல புதுச்சேரி நேரு வீதியில நடக்கவே இடம் இருக்காது. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் வாங்கினா 'ரூ.2,000 கேஷ்பேக்' என்ற பேனரைப் பார்த்துத்தான் பலர் கடைக்குள்ளேயே போவார்கள். ஆனால் பில் போட்ட பிறகு கைக்கு வருவது சில சமயம் ரொக்கமாக இருக்காது. ஒரு பிளாஸ்டிக் கார்டு அல்லது செல்போனுக்கு வரும் 16 இலக்க நம்பர், அவ்வளவுதான்.

அதில் ரூ.1,660-க்கு எதையோ வாங்குவோம். மீதி ரூ.340 கார்டிலேயே கிடக்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், ஒரு நாள் காலாவதி தேதியும் தாண்டிவிடும். அந்த 340 ரூபாய் யாருக்குப் போகும்? திரும்பக் கேட்க முடியுமா?

இது இனாமா, உங்க காசா?

'சும்மா கொடுத்ததுதானே' என்று நினைத்துத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள். ஆனால் கேஷ்பேக்கையும் கணக்கில் வைத்துத்தான் அந்தப் பொருளின் விலைக்கு நீங்கள் சம்மதித்தீர்கள். கார்டு இல்லை என்றால் பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பீர்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் இதைப் பேசுகிறது. பரிசு தருவதாகச் சொல்லிவிட்டு, சொன்னபடி கொடுக்கும் எண்ணமே இல்லாமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. விலைக்குள்ளேயே காசை வாங்கிக்கொண்டு, இலவசம் என்ற தோற்றத்தை உண்டாக்குவதும் அதே கணக்குதான்.

முதல்ல கார்டைத் திருப்பிப் பாருங்க

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், இந்தக் கார்டுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. உங்கள் உரிமை எது என்பதை முடிவு செய்வது, கார்டை வெளியிட்டது யார் என்பதுதான்.

முதல் வகை, வங்கியோ ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிடும் ப்ரீபெய்டு கார்டு. பின்பக்கத்தில் வெளியிட்டவர் பெயர் இருக்கும். ரூபே, விசா, மாஸ்டர்கார்டு சின்னம் இருந்தால் பல கடைகளில் செல்லும்.

இரண்டாவது, கடையே தன் பொருட்களுக்காக மட்டும் கொடுக்கும் கூப்பன் அல்லது கார்டு. அந்தக் கடையை விட்டு வெளியே செல்லாது. இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியும் தேவையில்லை, அதன் விதிகளும் பொருந்தாது. கடலூர், விழுப்புரத்தில் இருந்து வந்து வாங்குபவர்கள் ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும்: "இது உங்க மத்த பிராஞ்ச்லயும் செல்லுமா?"

ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்லுது?

முதல் வகை கார்டுகளுக்கு, ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 27-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அதில் நமக்குத் தேவையானவை:

* ஒரு கிஃப்ட் கார்டின் மதிப்பு ரூ.10,000-ஐத் தாண்டக் கூடாது. அதில் மறுபடி பணம் ஏற்றவும் முடியாது, ரொக்கமாக எடுக்கவும் முடியாது.
* குறைந்தது 1 வருடம் செல்லுபடியாக வேண்டும்.
* காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் எஸ்எம்எஸ், இமெயில் போன்ற வழியில் எச்சரிக்க வேண்டும்.
* வைத்திருப்பவர் கேட்டால், புதிய கார்டு கொடுத்தாவது காலத்தை நீட்டிக்கலாம்.
* காலாவதி ஆன பிறகும், குறைந்தது 3 வருடத்துக்கு அந்த மீதியை நிறுவனம் தன் லாபக் கணக்குக்கு மாற்றக் கூடாது.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. காலாவதிக்குப் பிறகு எப்போது வந்து கேட்டாலும், அந்தத் தொகையை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். ஆனால் நாம கேட்கணும். கேட்காதவர்களின் சில்லறைதான் கடைசியில் நிறுவனத்தின் லாபமாகிறது.

மீதிச் சில்லறையை எப்படி காலி பண்றது?

கடைக்குப் போகும் முன் பேலன்ஸ் பாருங்கள். ரூ.340 இருக்கும் கார்டில் ரூ.500 எடுக்கச் சொன்னால் பரிவர்த்தனை நிராகரிக்கப்படும். கேஷியரிடம் முதலிலேயே, "கார்டுல 340 எடுங்க, மீதியை யுபிஐ-ல தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கேட்கும் தொகைக்கே பொருள் கிடைக்கும் இடம் இன்னும் வசதி. பெட்ரோல் பங்கில் 340 ரூபாய்க்கு என்று சொல்லிப் போடலாம். அங்கே அந்தக் கார்டு செல்லுமா, கூடுதல் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்டில் காசு தீர்ந்ததும் தூக்கிப் போடாதீர்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், பணம் பெரும்பாலும் அதே கார்டுக்குத்தான் திரும்பி வரும்.

340 ரூபாயைக் காப்பாற்ற, தேவையே இல்லாத 1,200 ரூபாய் சட்டையை எடுப்பதும் நஷ்டம்தான். அரிசி, பருப்பு, சோப்பு என எப்படியும் வாங்கப் போவதற்கே கார்டைப் பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டில் எப்படி?

ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் கிஃப்ட் கார்டுகளுக்குக் குறைந்தது 3 வருட கால அவகாசம். அமெரிக்காவில் 5 வருடம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் கார்டுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. சலுகையாகவும் விளம்பரத்துக்காகவும் தரப்படும் கார்டுகளுக்கு, உரிய தகவல்களை அச்சிட்டிருந்தால், அந்த 5 வருட விதி பொருந்தாது.

தர மாட்டேன்னு சொன்னா?

வங்கி அல்லது அனுமதி பெற்ற நிறுவனத்தின் கார்டு என்றால், முதலில் அவர்களுக்கு எழுத்துபூர்வமாகப் புகார் அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் கிடையாது. உதவி எண் 14448.

கடையின் சொந்தக் கூப்பன் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. புதுச்சேரியில் வாங்கிய கடலூர்க்காரர், கடலூர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க முடியும். வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருகிறது.

எந்த வழியில் போனாலும் பில், கூப்பன், ஆஃபர் பேனர் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்திருங்கள்.

ஒரு எச்சரிக்கை

"உங்க கிஃப்ட் கார்டை ஆக்டிவேட் பண்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் உடனே கட் பண்ணிடுங்க. கார்டு நம்பர், பின், ஓடிபி எதையும் சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்னைக்கே பர்ஸைத் திறந்து, அந்தக் கார்டின் பின்பக்கத்தையும் காலாவதி தேதியையும் ஒருமுறை பார்த்துடுங்க!