கைக்கு எட்டாத வால்வு

2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய வாயுயான் அதினியம், விமான வடிவமைப்பையும் வெளிப்படையாகத் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. அதன் கீழ் எழுதப்படும் விதிகளில் சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு என்ன நிபந்தனை என்பதில் நம் துறை வாய் திறந்தாக வேண்டும். எங்கள் நிலை இது: அனுமதி தாராளமாக வேண்டும், காக்பிட் சோதனை கட்டாயமாக வேண்டும்.

இரண்டாவதை இந்த இதழ் விடாமல் கேட்பதற்குக் காரணம், 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் மான்டரே விரிகுடாவில் விழுந்த, சொந்தமாகக் கட்டப்பட்ட லாங்-ஈஸி விமானம். அதில் இறந்த பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அந்த விமானத்தில் முந்தைய நாள்தான் அரைமணி செக்-அவுட். வடிவமைப்பாளர் ரூட்டானின் வரைபடத்தில் பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கும், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வான ஃப்யூல் செலக்டரை, கட்டியவர் இடது தோளுக்குப் பின்னால் மாற்றியிருந்தார். எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் திருப்ப வேண்டுமானால் வலக்கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்து உடம்பை முறுக்க வேண்டும். முறுக்கினால் வலக்கால் ரடரை அழுத்தும். கைப்பிடியில் குறியீடும் இல்லை. இடுக்கி மாட்டி நீட்டிப் பார்த்தும் எட்டவில்லை. டென்வர் எரிபொருள் நிரப்பாமலே கிளம்பினார்; வானில் தொட்டியை மாற்ற அந்த வால்வைத் தேட வேண்டி வந்தது. கட்டியவர் கைக்குப் பழகிய வால்வு, வாங்கியவருக்கு எமனானது.

1999-இல் அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, கவனச் சிதறலையும் எரிபொருள் நிரப்பாததையும் முதலில் வைத்தது; வால்வு இருந்த இடம் துணைக் காரணம். இந்த வரிசை இன்றும் உறுத்துகிறது. இறந்தவர் மறுப்புச் சொல்ல வரமாட்டார்.

நம் நாட்டின் நிலை இன்னும் மோசம். லாங்-ஈஸியை ஒட்டி எல்சிஆர்ஏ என்ற ஆய்வு விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்ட தேசிய விண்வெளி ஆய்வகம் (என்ஏஎல்) இருக்கும் நாடு இது, அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மும்பை மொட்டை மாடியில் அமோல் யாதவ் கட்டிய டிஏசி-003 விமானம், 2017-இல் பதிவு பெற்றும் பறப்பு அனுமதிக்கு 2019 வரை காத்துக் கிடந்தது. தாமதம் பாதுகாப்பு ஆகாது. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று சொல்ல ஆள் உண்டு; சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, செலக்டர் எட்டுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது யார் வேலை? நாளை கொல்லிமலை குண்டனி நாட்டுப் பட்டறையில் ஒருவர் விமானம் கட்டினால், அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் பத்து சதவீத ஆற்றலை இழக்கும். அங்கே தோளுக்குப் பின்னால் வால்வு தேட நேரம் ஏது?

விதியில் மூன்று வரி போதும். பெல்ட் போட்ட நிலையில், ஸ்டிக்கை விடாமல் செலக்டர் எட்ட வேண்டும். வரைபடத்திலிருந்து விலகிய ஒவ்வொரு மாற்றமும் லாக்புக்கில் ஏற வேண்டும். விமானம் கைமாறும்போது சோதனையும் செக்-அவுட்டும் புதிதாக நடக்க வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். நாற்காலியை விட்டு எழுந்து வரும் ஓர் அதிகாரி போதும்.