தொடக்கூடாத பொம்மைகள்

பொம்மைகளைப் பற்றித் தமிழாசிரியன் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சென்ற மாதம் ஒரு நண்பருடன் நடந்த வாக்குவாதத்தில் நான் பாதியில் வாயடைத்துப் போனேன். நண்பர் நல்ல வாசகர், நாற்பதைத் தாண்டியவர், அமெரிக்கப் பொம்மை நிறுவனங்கள் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி வெளியிடும் பெரும்பொம்மைகளில் தீராத பிரியம் கொண்டவர். அவருடைய வாதம் எளிமையானது: "ஐந்நூறு டாலர் பொம்மை குழந்தைக்கானது இல்லை சார், ரசிகனுக்கானது. ரசிகர்கள் ஒன்றுகூடிப் பணம் போட்டு, தாங்கள் விரும்பியதைச் செய்வித்துக்கொள்கிறார்கள். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" அன்று சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் சரியான பதில் தோன்றுவது என் பழைய வியாதி.

விவரம் அறியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. 2018 பிப்ரவரியில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஹாஸ்லேப்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதல் பொருள், 1983இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜப்பா என்னும் பெருத்த உருவம் பாலைவனத்தின் மேல் மிதந்து செல்லும் பாய்மரக் கலம். நான்கடி நீளம், விலை 499.99 டாலர். குறிப்பிட்ட நாளுக்குள் 5,000 பேர் பணம் கட்டச் சம்மதித்தால் உற்பத்தி உண்டு, இல்லையேல் இல்லை. 8,810 பேர் சம்மதித்தார்கள். அதன் பிறகு கதவு அகலத் திறந்துகொண்டது. 2019இல் 574.99 டாலருக்கு யூனிக்ரான் என்னும் கோள் விழுங்கி அரக்கன். 8,000 பேர் தேவைப்பட்டார்கள், உரிய நாளில் எண்ணிக்கை நிரம்பவில்லை, தவணையை நீட்டி நிரப்பினார்கள். 2020இல் சென்டினல் என்னும் எந்திர மனிதனுக்கு 6,000 பேர் போதும் என்றார்கள். வந்தவர்கள் 21 ஆயிரத்துக்கும் மேல். 2021இல் கலாக்டஸ் பொம்மைக்கு 30 ஆயிரம் பேருக்கு மேல்.

இதற்குக் 'கிரவுட்ஃபண்டிங்', கூட்டு நிதி என்று பெயர். என் முதல் சண்டை இந்தப் பெயரோடு. கூட்டு நிதி என்பது வங்கியும் முதலாளியும் கைவிட்டவனை முகமறியாத மனிதர்கள் சேர்ந்து கைதூக்கிவிடுவது. 2015இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிறு சிற்பக்கூடம் தன் சொந்தக் கற்பனையில் உதித்த வீரர்களையும் பூதங்களையும் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டி வார்த்தது. அங்கே அந்தச் சொல் பொருந்தும். ஹாஸ்ப்ரோவின் 2017ஆம் ஆண்டு வருவாய் 500 கோடி டாலருக்கு மேல். அந்த நிறுவனத்திடம் நான்கடிக் கலம் ஒன்றுக்கு அச்சு வார்க்கப் பணம் இல்லையா? பணம் இருந்தது, அந்தப் பணத்தை ஆபத்துக்கு உட்படுத்தும் மனம்தான் இல்லை. விற்காமல் தேங்கும் பயத்தை வாங்குபவன் தலைக்கு மாற்றிவிட்டு, அதற்கு அவனையே 'ஆதரவாளர்' என்று அழைக்கிறார்கள். ஆதரவாளருக்கு லாபத்தில் பங்கில்லை, அச்சில் உரிமையில்லை, ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும் உரிமை மட்டும் உண்டு. நம்மூரில் இதற்கு முன்பணம் என்று பெயர்.

'இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தக் கலம் பிறந்தே இருக்காது' என்பார் நண்பர். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கடைக்காரரும் ஐந்நூறு டாலர் பெட்டியைத் தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். ரசிகர்கள் ஆட்டு மந்தை என்றும் நான் சொல்லவில்லை. 2021இல் ரான்கோர் என்னும் அரக்கனுக்கு 9,000 பேர் கேட்டார்கள். 350 டாலருக்கு இது போதாது, சேர்த்துத் தருவதாகச் சொல்லும் துணைப்பொருள்கள் அற்பமானவை என்று முணுமுணுத்த கூட்டம் அந்த எண்ணிக்கையை நிரப்பாமலே கலைந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சி அவ்வளவு கண்ணியமானது அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நண்பரின் வாதத்தில் எனக்கு உண்மையில் முள்ளாகத் தைப்பது வேறு ஒரு சொல். "குழந்தைக்கானது இல்லை."

யார் இந்த ரசிகர்? அவர் வானத்திலிருந்து குதித்தவரா? 1977 மே மாதம் ஸ்டார் வார்ஸ் வெளிவந்து யாரும் எதிர்பாராத வெற்றி பெற்றபோது, பொம்மை உரிமம் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்திடம் (இது பின்னர் 1991இல் ஹாஸ்ப்ரோவின் கைக்குப் போனது) விற்பதற்குப் பொம்மைகளே இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது. அவர்கள் செய்த காரியம் வணிக வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது: அட்டை உறை ஒன்றில் சான்றிதழ் ஒன்றை வைத்து விற்றார்கள். பொம்மை இல்லை. சான்றிதழை அஞ்சலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். கிறிஸ்துமஸ் காலையில் வெற்றுப் பெட்டியைப் பிரித்த அந்தக் குழந்தைகள் 1978இல் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். அந்தத் தலைமுறைக்குத்தான் நாற்பது ஆண்டு கழித்து அதே வெற்றுப் பெட்டி மறுபடியும் விற்கப்படுகிறது. அன்று வேறு வழியின்றிச் செய்ததை இன்று திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

யூனிக்ரானின் கதை இதைவிடக் கசப்பானது. 1986இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் அவன் தோன்றினான். தம் இறுதி நாட்களில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். (சிட்டிசன் கேனில் ஒரு பனிச்சறுக்குப் பலகைக்காக ஏங்கிச் சாகும் மனிதனைப் படைத்தவர், கடைசியில் ஒரு பொம்மைப் படத்தில் வந்து நிற்கிறார். இதை நான் கற்பனை செய்து எழுதினால் மிகை என்பீர்கள்.) அதே படத்தில் குழந்தைகளின் அன்புக்குரிய ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்படுகிறான். பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் செய்யும் வணிகத் தேவையே அதற்குக் காரணம். அரங்கில் குழந்தைகள் அழுதார்கள். அந்த அழுகையின் நினைவுக்குத்தான் 2019இல் 574.99 டாலர் விலை குறிக்கப்பட்டது. ஆக, ரசிகன் என்று நண்பர் சொல்லும் ஆள் வேறு யாருமில்லை, நேற்றைய குழந்தைதான். குழந்தையிடம் ஒரு முறை விற்ற ஆசையை, அதே குழந்தைக்கு நரைக்கத் தொடங்கியபின் மறுபடி விற்கிறார்கள். குழந்தைக்கானது இல்லை என்று எப்படிச் சொல்வது?

சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இயற்றிய பொம்மைப் பாதுகாப்பு நெறியாணை, எவையெல்லாம் பொம்மை ஆகா என்று ஒரு பட்டியல் தந்தது. பதினான்கு வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கானது என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட பொருள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டமோ பன்னிரண்டு வயதும் அதற்குக் குறைந்தும் உள்ளவர்களை முதன்மையாகக் கருதிச் செய்யப்படும் பொருளைத்தான் குழந்தைப் பொருள் என்கிறது. அதற்கே வெளி ஆய்வகச் சோதனை கட்டாயம். பெட்டியில் அச்சிடும் வயது எண் எவ்வளவு வசதியானது பாருங்கள். சட்டத்தின் முன் பொம்மை அல்லாத ஒன்று, விளம்பரத்தில் மட்டும் பொம்மையாக, பால்யமாக, ஏக்கமாக மாறிவிடலாம்.

இங்கே நண்பர் வால்டர் பெஞ்சமினைத் துணைக்கு அழைப்பார் என்று தெரியும், அன்றும் அழைத்தார். 1931இல் தம் நூலகத்தைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சேகரிப்பவன் பொருளைப் பயன் என்னும் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்ற பொருள்படப் பெஞ்சமின் பேசுகிறார். அவர் பழைய பொம்மைகளையும் நேசித்தவர். ஆனால் பெஞ்சமினின் சேகரிப்பாளன் ஏலத்திலும் பழைய கடையிலும் அலைந்து, எவருடைய கையிலோ இருந்து தேய்ந்து, கைவிடப்பட்ட ஒன்றை மீட்டெடுப்பவன். அடிமையாக இருந்ததைத்தானே விடுதலை செய்ய முடியும்? ஹாஸ்லேப் பொருளுக்கு அப்படி ஒரு கடந்தகாலமே கிடையாது. எந்தக் குழந்தையின் எச்சிலும் படாமல், பிறக்கும்போதே பழம்பொருளாகப் பிறந்து, கண்ணாடிக்குப் பின்னால் போய் அமர்ந்துவிடுகிறது.

பெஞ்சமினுக்கு முன்பே, 1853இல், போதலேர் பொம்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை பொம்மையைத் திருப்பும், குலுக்கும், சுவரில் அடிக்கும், கடைசியில் உடைக்கும். அதன் ஆன்மா எங்கே இருக்கிறது என்று பார்க்க. அதைக் குழந்தையின் முதல் தத்துவத் தேடல் என்றே அவர் கருதினார். முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ப் பொம்மைக்குள் ஆன்மாவைத் தேட எந்த வீட்டில் அனுமதி கிடைக்கும்?

நண்பர் விடவில்லை. குறுந்தொகையின் 61ஆம் பாடலை எடுத்து என் மீதே வீசினார். தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் மகிழும் சிறுவர்களைத் தோழி அதில் சொல்கிறாள் அல்லவா, பயன்படாத பொம்மையால் இன்பம் உண்டென்று சங்கப் புலவனே ஒப்புகிறானே என்றார். வகுப்பில் இந்த மாதிரி மாணவன் கிடைத்தால் ஆசிரியனுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவர் ஒரு சொல்லை விட்டுவிட்டார். அந்தச் சிறுவர்கள் வண்டியைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். கை அதில் இருக்கிறது, தெருப் புழுதியும் இருக்கிறது. இழுக்கவும் கூடாத வண்டியைப் பற்றித் தோழி ஒன்றும் சொல்லவில்லை.

கொலுவைப் பற்றியும் கேட்டார். நம் வீடுகளிலும் குழந்தை தொடக்கூடாத பொம்மைகள் உண்டுதானே? உண்டு. ஆனால் கொலுப் பொம்மையை விளையாட்டுப் பொருள் என்று எவரும் விற்றதில்லை. அதோடு, படிக்கட்டின் அடியில் மண்ணைப் பரப்பிப் பூங்கா அமைக்கும் வேலை பல வீடுகளில் குழந்தைகளுடையது. தங்கள் பிளாஸ்டிக் காரையும் கால் ஒடிந்த யானையையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். மேலே தெய்வங்கள் அமர்ந்திருக்க, கீழே குழந்தையின் கைக்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

நஷ்டம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 2013இல் ஹாஸ்ப்ரோ தன் ஸ்டார் வார்ஸ் உருவங்களை இரண்டு பாதைகளாகப் பிரித்தது. ஒருபுறம் 'பிளாக் சீரிஸ்' என்று பெரியவர்களுக்கான வரிசை: முழங்கை, முழங்கால், கணுக்கால் எல்லாம் மடங்கும், முக வார்ப்பு நுட்பமானது. மறுபுறம் குழந்தைகளுக்கான மலிவு வரிசை: கழுத்து, தோள்கள், இடுப்பு என ஐந்தே இடங்களில் அசையும். என் மாணவர் ஒருவர் இரண்டையும் மேசையில் வைத்துக் காட்டினார். குழந்தைக்கானது முழங்காலை மடக்கி உட்காரக்கூட முடியாத மரக்கட்டை. மலிவு காரணம் என்பீர்கள், சரி. ஆனால் சிற்பியின் நுட்பமும் பொறியாளனின் உழைப்பும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டாமா? ஓயாமல் மடக்கி நீட்டி விளையாடுகிறவனுக்கு மடங்காத கால். அலமாரியில் ஒரே நிலையில் பத்தாண்டு நிற்கப்போவதற்கு முப்பது மூட்டு.

2019இல் இன்னொன்றும் நடந்தது. வறிய வீட்டுக் குழந்தைகளும் எழுத்தறிந்து பள்ளிக்கு வரவேண்டும் என்ற நோக்கத்தோடு 1969இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி செசமி ஸ்ட்ரீட். அதன் குக்கி மான்ஸ்டரை முழு அளவில் செய்து 299.99 டாலருக்குத் தருவதாக ஹாஸ்லேப் அறிவித்தது. 3,000 பேர் வேண்டும் என்றார்கள், சேரவில்லை. நண்பர் இதைச் சந்தை தந்த தீர்ப்பு என்கிறார். எனக்கு ஒரு சின்ன ஆறுதல், அவ்வளவே.

வயது வந்தவர்கள் பொம்மை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக வாங்குங்கள், சிற்பம் என்று சொல்லி வாங்குங்கள், நினைவுச்சின்னம் என்று சொல்லி வாங்குங்கள். பொம்மை என்ற சொல்லை மட்டும் அதற்குரியவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டில் அமெரிக்காவில் சில நாட்கள் தங்கியிருந்தேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே இதுபோல் முன்பணம் கட்டி வாங்கிய ஏதோ விண்கலம், தனி விளக்கு வெளிச்சத்தில். அவருடைய ஆறு வயது மகன் அதன் பக்கமே போவதில்லை, பழகிவிட்டான். ஒரு மாலை, படிக்கட்டின் கீழே மடித்து வைத்திருந்த பெரிய பழுப்பு அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, "தாத்தா, இதுல வீடு கட்டலாமா?" என்று என்னிடம் கேட்டான். (எனக்கு நாற்பத்தேழுதான், முடி செய்த துரோகம்.) நான் கத்தரிக்கோல் தேடினேன். உறவினர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "ஐயோ, அது அந்தப் பொம்மை வந்த பெட்டி. அது இல்லேன்னா விக்கும்போது விலை குறைஞ்சிடும்" என்று சொல்லி வாங்கி, மறுபடி படிக்கட்டின் கீழே வைத்தார்.